பழைய மீன்கள் நலம், புதுக் கெளுத்திகள் மட்டும் ஏன் சாகின்றன?

"தண்ணியில ஒரு கோளாறும் இல்லைங்க. பழைய மீனெல்லாம் நல்லாத்தானே இருக்கு!" புதிதாக வாங்கிவிட்ட கெளுத்திகள் செத்துப்போனதைச் சொல்பவர்கள் அநேகமாக அடுத்து சொல்வது இதுதான். கேட்க நியாயமாகப் படும். ஆனால் மீன்தொட்டி விஷயத்தில் இதைவிட ஆளைத் திசைதிருப்பும் வாதம் வேறில்லை என்று இத்தனை வருட வளர்ப்புக்குப் பிறகு உறுதியாகச் சொல்வேன். பழைய மீன்கள் அந்தத் தண்ணீருக்குப் பழகியிருக்கின்றன, அவ்வளவுதான். புதிதாக வருகிற மீனுக்கும் அது ஏற்றது என்பதற்கு அவை சாட்சி ஆகாது.

என் பழைய தொட்டியில் டெட்ரா, ராஸ்போரா என்னும் சிறு மீன்கள் வருடக்கணக்கில் எந்தத் தொந்தரவும் இல்லாமல் இருந்தன. அதில் ஒரு கூட்டம் வெண்கலக் கோரிகளை (கோரி என்பது கோரிடோரஸ் என்னும் சிறு கெளுத்தி) விட்டேன். மாலையில் அடிமணலை மீசையால் துழாவிக்கொண்டு திரிந்தவை, மறுநாள் காலையில் சில பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தன. மீதியும் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. உடம்பில் புள்ளி இல்லை, புண் இல்லை, துடுப்பு கிழியவில்லை. மேலே டெட்ராக்கள் வழக்கம்போல் இரைக்கு ஓடிவந்தன. நோயாக இருக்க முடியாது என்பது பார்த்தவுடனே தெரிந்தது. நோய் இவ்வளவு அவசரமாக, இவ்வளவு சுத்தமாக ஒரு கூட்டத்தை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டு போகாது.

தண்ணீரைச் சோதித்ததும் விடை கிடைத்தது. பிஹெச் (நீரின் அமில, கார அளவு; 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம்) சோதனைக் குப்பியில் எவ்வளவு கீழான நிறம் உண்டோ அந்த நிறம், அதாவது 6 அல்லது அதற்கும் கீழே. குழாய்த் தண்ணீரோ 7.6 காட்டியது. அமிலத்தைத் தாங்கும் கையிருப்பைக் காட்டும் கார்பனேட் கடினத்தன்மைச் சோதனையில் முதல் சொட்டிலேயே நிறம் மாறிவிட்டது, கிட்டத்தட்ட பூஜ்ஜியம். நைட்ரேட் லிட்டருக்கு நூறு மில்லிகிராமைத் தாண்டிய அடர் சிவப்பு. அம்மோனியாவும் கொஞ்சம் இருந்தது. பார்வைக்குக் கண்ணாடிபோல் தெளிந்த தண்ணீர்.

இது எப்படி நடக்கிறது என்றால், மீன் வெளியேற்றும் அம்மோனியாவை ஃபில்டரில் வாழும் பாக்டீரியாக்கள் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இந்த வேலையில் அமிலம் உண்டாகும். அந்த அமிலத்தைத் தண்ணீரிலுள்ள கார்பனேட் உறிஞ்சிக்கொள்ளும். 1 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜன் நைட்ரேட்டாக மாறி முடிய ஏறத்தாழ 7 மில்லிகிராம் காரத்தன்மை, அதாவது அந்தக் கார்பனேட் கையிருப்பு (கால்சியம் கார்பனேட் கணக்கில்), செலவாகிறது. தண்ணீர் மாற்றும் அளவு குறைவாக இருந்தால் இந்தக் கையிருப்பு மெல்ல மெல்லத் தீர்ந்துவிடும். தீர்ந்ததும் பிஹெச் சரியும். 6-க்குக் கீழே போய்விட்டால் அந்தப் பாக்டீரியாக்களே மந்தமாகிவிடும், அம்மோனியா சேரத் தொடங்கும். அப்போதும் பழைய மீன்கள் சாகாது. காரணம், அமிலத் தண்ணீரில் அம்மோனியா பெரும்பாலும் அம்மோனியம் என்ற தீங்கு குறைந்த வடிவில் இருக்கும். மாதக்கணக்கில் படிப்படியாக நடந்த மாற்றம் என்பதால் அவற்றின் உடலும் சமாளித்துக்கொள்கிறது. கடையில் 7.5 பிஹெச்சில் இருந்த கெளுத்திக்கோ அது ஒரே நாளில் வந்து விழுகிற அடி. மீனின் இரத்தத்திலுள்ள உப்புச் சமநிலை செவுள் வழியாகக் குலைந்துபோகிறது.

இங்கே இன்னொரு ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. சாவைக் கண்டதும் பதறிப்போய்ப் பாதித் தண்ணீரைக் கொட்டிப் புதுத் தண்ணீர் நிரப்பினால் பிஹெச் திடீரென ஏறும். தீங்கில்லாமல் கிடந்த அம்மோனியம் நச்சு அம்மோனியாவாக மாறும். 25 டிகிரி வெப்பத்தில், பிஹெச் 6-ல் மொத்த அம்மோனியாவில் நச்சு வடிவம் 0.06 சதவீதம்கூட இல்லை. 7-ல் அது சுமார் 0.6 சதவீதம். 8-ல் 5 சதவீதத்துக்கு மேல். தெரிந்தவர் ஒருவர் வீட்டில் புதுக் கெளுத்திகள் செத்த மறுநாள், ஆண்டுக்கணக்கில் வாழ்ந்த ஏஞ்சல் மீன்களும் செத்தன. அவரோ கெளுத்திகள் ஏதோ நோயைக் கொண்டுவந்து பரப்பிவிட்டதாகவே நினைத்தார். இடையில் என்ன செய்தீர்கள் என்று கேட்டபோதுதான், பெரிய அளவில் தண்ணீர் மாற்றியதைச் சொன்னார்.

என் தொட்டியைச் சரிசெய்ய நான் அவசரப்படவில்லை. பத்தில் ஒரு பங்கு தண்ணீரை மட்டும் மாற்றுவது, ஓரிரு நாள் விடுவது, மறுபடி அதே அளவு. ஒவ்வொரு முறையும் பிஹெச்சும் அம்மோனியாவும் பார்ப்பது. கார்பனேட் கடினத்தன்மை குழாய்த் தண்ணீருக்குப் பக்கத்தில் வந்து நின்ற பிறகே புது மீனைப் பற்றி யோசித்தேன். அதன்பிறகு அதே தொட்டியில் கோரிகள் முட்டையிட்டுக் கண்ணாடியில் ஒட்டிவைக்கும் அளவுக்கு நன்றாக இருந்தன. மருந்து எதுவும் சேர்க்கவில்லை.

புது மீன் வாங்கும் எண்ணம் வந்தவுடனே, கடைக்குப் போகும் முன்னால், தொட்டித் தண்ணீரையும் குழாய்த் தண்ணீரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சோதித்துவிடுங்கள். இரண்டும் வெகுதூரம் விலகியிருந்தால் முதலில் தொட்டியைச் சரிசெய்வதுதான் வேலை. நீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் இருந்தால் இன்னும் நல்லது, கடைக்காரரின் தண்ணீரையும் அளந்து பார்க்கலாம். பெரும்பாலும் எந்தக் கடைக்காரரும் மறுக்கமாட்டார்.

தொட்டி சரியாக இருந்தும் சாவு வருவதுண்டு. அப்போது பார்க்கவேண்டியது மீன் வந்த பை.

கோரிகளைப் பற்றி வளர்ப்பவர்கள் பலருக்கும் தெரியாத ஒன்று, அவை தற்காப்புக்கு நஞ்சு கக்கும். மார்புத் துடுப்பின் முள்ளுக்கு அடியில் உள்ள சுரப்பியிலிருந்து, மிரண்டுபோனால் அது வெளியாகும். ஆற்றில் அந்த நஞ்சை ஓட்டம் அடித்துக்கொண்டு போய்விடும். ஒரு கை நீர் உள்ள பாலித்தீன் பையில் அது எங்கே போகும்? கூட இருக்கும் மீன்களையும் கொல்லும், கக்கிய மீனையே கொல்லும். பையின் நீர் நுரைத்திருப்பதும், லேசாகக் கலங்கியிருப்பதும், மீன்கள் அடியில் சாய்ந்தபடி செவுளை வேகமாக அசைப்பதும் இதற்கான அடையாளங்கள். ஒருமுறை வீட்டுக்கு வந்து பையைப் பிரிக்கும்போது ஓரமெல்லாம் நுரை நின்றிருந்தது. அப்படிக் கண்டால் மிதக்கவிடுவது, சொட்டுச் சொட்டாகக் கலப்பது எல்லாவற்றையும் மறந்துவிட்டு, மீன்களை உடனே சுத்தமான தண்ணீருக்கு மாற்றிவிட வேண்டும். வெப்ப வித்தியாசத்தால் வரும் அதிர்ச்சியைவிட அந்தப் பையில் இன்னும் கால்மணி நேரம் இருப்பது மோசம். அன்று எல்லாவற்றையும் காப்பாற்ற முடியவில்லை, ஆனால் பாதிக்கு மேல் பிழைத்தன.

ஆகவே கோரிகள் மிரளாமல் பார்த்துக்கொள்வது முதல் காரியம். கடையில் வலையை வீசித் தொட்டி முழுக்கத் துரத்தித் துரத்திப் பிடிக்கும்போதே பாதிக் கேடு நடந்துவிடுகிறது. சிறு டப்பாவை நீருக்குள் வைத்து, அதற்குள் மெதுவாக ஒதுக்கிப் பிடிக்கச் சொல்லிக் கேளுங்கள். வலையைத் தவிர்க்க இன்னொரு காரணமும் உண்டு. கெளுத்திகளின் மார்புத் துடுப்பிலும் முதுகுத் துடுப்பிலும் உள்ள முட்கள் விரிந்தபடி பூட்டிக்கொள்ளும். வலையில் சிக்கினால் இழுக்கக் கூடாது. வலையைத் தண்ணீருக்குள்ளேயே வைத்திருந்தால் மீன் தானாக விடுவித்துக்கொள்ளும், இல்லாவிட்டால் அந்த இடத்து நூலைக் கத்தரியால் நறுக்கிவிடலாம். வலை போனால் போகட்டும். பையிலும் இந்த முள் ஓட்டை போடும் என்பதால் இரட்டைப் பை கேட்டு வாங்குவது வழக்கம்.

நல்ல கடைக்காரர்கள் சிலர் கோரிகளைப் பிடித்ததும் ஒரு வாளி நீரில் கொஞ்ச நேரம் விட்டுவைத்து, கக்குவதைக் கக்கவிட்டு, பிறகு புது நீரில் பை கட்டுகிறார்கள். இப்படிச் செய்பவரைக் கண்டால் விட்டுவிடாதீர்கள்.

தொலைதூரத்திலிருந்து வரும் மீன்களுக்குப் பையே வேறொரு விதத்தில் எதிரியாகும். மூடிய பையில் மீன் மூச்சுவிடும் கரியமில வாயு நீரில் கரைந்து பிஹெச்சைக் கீழே இழுக்கிறது. கூடவே அம்மோனியாவும் சேர்கிறது. ஆனால் பிஹெச் தாழ்ந்திருப்பதால் அதன் நச்சு அடங்கியிருக்கும். பையைத் திறந்தவுடன் கரியமில வாயு வெளியேறிவிடும், பிஹெச் ஏறும், அம்மோனியா விழித்துக்கொள்ளும். திறந்த பையில் மணிக்கணக்காகச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுப் பழக்குகிறோம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும்போது மீன் அம்மோனியாவில் வெந்துகொண்டிருக்கும். எனவே நான் பின்பற்றுவது இது: பக்கத்துக் கடையிலிருந்து சிறிது நேரத்தில் வந்துவிட்ட மீன் என்றால் பையைக் கால்மணி நேரம் மிதக்கவிட்டு, பிறகு தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து நிதானமாகப் பழக்குகிறேன். இரவு முழுவதும் பயணித்து வந்த மீன் என்றால், மூடிய பையை மிதக்கவிட்டு வெப்பத்தை மட்டும் சமப்படுத்திவிட்டு, திறந்ததும் தாமதிக்காமல் மாற்றிவிடுகிறேன். அவற்றுக்காகத் தயார் செய்யும் தனித் தொட்டியின் நீரை, அனுப்புகிறவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிஹெச்சுக்கும் டிடிஎஸ்சுக்கும் முன்கூட்டியே நெருக்கமாக்கி வைப்பேன். எப்படி வந்த மீனானாலும் பை நீரைத் தொட்டியில் ஊற்றுவதே இல்லை.

முதல் நாளும் முதல் வாரமும் தாண்டிவிட்டன, இனி பயமில்லை என்று நினைக்கும்போது ஒவ்வொன்றாகக் குறையத் தொடங்கினால் அது வேறு கதை. ஓட்டோ என்று நாம் கூப்பிடும், பாசி தின்னும் சிறு கெளுத்தியான ஓட்டோசின்க்ளஸ் மீன்களில் இதை அதிகம் பார்த்திருக்கிறேன். கடைகளில் கிடைக்கும் ஓட்டோக்களில் பெரும்பகுதி தென் அமெரிக்க ஆறுகளில் பிடிக்கப்பட்டவை. பிடித்த இடம், மொத்த வியாபாரி, ஏற்றுமதி, இறக்குமதி, கடை என்று கைமாறும் காலம் முழுவதும் அவற்றுக்குப் பாசி கிடைப்பதில்லை. நம் வீட்டுக்கு வரும்போதே பட்டினியின் கடைசிப் படியில் இருக்கும். இங்கே சாகிறது, ஆனால் சாவு வெகு முன்பே தொடங்கிவிட்டது. புதிதாகத் தொடங்கிய, பளிச்சென்று துடைத்த தொட்டியில் விட்டால் கதை அதோடு முடிந்தது. கண்ணாடியிலும் இலையிலும் பழுப்புப் பாசி படிந்த, மாதங்கள் கடந்த தொட்டிதான் அவற்றுக்குச் சரி. கூடவே வேகவைத்த சுரைக்காய் வகை, கீரை, பாசி வில்லை ஆகியவற்றை முதல் நாளிலிருந்தே வைக்க வேண்டும். எல்லா ஓட்டோவும் வில்லையை உணவென்று அறிந்துகொள்வதில்லை, அதனால்தான் பாசி படிந்த கற்களை வெயிலில் ஒரு வாளியில் தனியாகத் தயாரித்து வைத்துக்கொள்கிறேன்.

கடையில் பார்க்கும்போது வயிற்றைப் பாருங்கள். எந்தக் கெளுத்தியானாலும் எனக்கு முதல் சோதனை அதுதான். கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஓட்டோவின் வயிறு உருண்டு இருக்க வேண்டும், குழிந்திருந்தால் வாங்கக் கூடாது. வாயால் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும் சக்கர் மீன்களில் கண்ணும் குழிந்திருந்தால் நெடுநாள் பட்டினி. கோரியில் மீசை தேய்ந்து குட்டையாகியிருக்கிறதா, வயிற்றின் அடியில் செந்திட்டுகள் இருக்கின்றனவா என்று குனிந்து பார்க்க வேண்டும். பாவப்பட்டு, "நாம கொண்டுபோய் தேத்திடலாம்" என்று வாங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன். அந்த இடத்துக்கு இன்னும் நலிந்த இன்னொரு கூட்டம் வந்து சேரும். அன்று வந்திறங்கிய மீனையும் எடுக்காமல், ஒரு வாரமோ பத்து நாளோ கடையிலேயே இருந்து இரை எடுப்பதைப் பார்த்த பிறகு வாங்குவது பெரும் வித்தியாசத்தைத் தருகிறது.

நைட்ரைட் பற்றிக் கெளுத்தி வளர்ப்பவர்கள் தனியாகத் தெரிந்திருக்க வேண்டும். ஓரிரண்டு மீன் இருந்த சிறு தொட்டியில் ஒரே நேரத்தில் பெரிய கூட்டத்தை விட்டால், ஃபில்டர் பாக்டீரியாக்கள் பெருகுவதற்குள் நைட்ரைட் ஏறிவிடும். அது செவுள் வழியாக உள்ளே போய் இரத்தச் சிவப்பணுவில் ஆக்சிஜனைச் சுமக்கும் பொருளைக் கெடுக்கிறது, இரத்தம் பழுப்பாகிவிடும். உணவுக்காக வளர்க்கப்படும் சானல் கெளுத்திப் பண்ணைகளில் இது நன்கு அறியப்பட்ட பிரச்சினை. அங்கே அவர்கள் கையாளும் வழி நமக்கும் உதவும். குளோரைடு இருந்தால் நைட்ரைட் செவுளுக்குள் நுழைவது தடைபடும். நைட்ரைட்டைப் போல் குறைந்தது 10 மடங்கு குளோரைடு இருக்குமாறு உப்பு சேர்க்கிறார்கள். வீட்டுக் கணக்கில், நைட்ரைட் லிட்டருக்கு 1 மில்லிகிராம் என்றால் 100 லிட்டர் தண்ணீருக்கு 2 முதல் 3 கிராம் உப்பு போதும். கெளுத்திக்கு உப்பு ஆகாது என்று சொல்வதெல்லாம் இதைப்போல் பல மடங்கு போடுவதைப் பற்றியது. உப்பு நேரம் வாங்கித் தரும், அவ்வளவுதான். தண்ணீரை மாற்றுவதும், இரையைக் குறைப்பதும், பழகிய தொட்டியிலிருந்து ஒரு ஸ்பாஞ்சைக் கொண்டுவந்து வைப்பதும்தான் தீர்வு.

கோரி இதை நமக்கு முன்கூட்டியே சொல்லும். அது அவ்வப்போது விருட்டென்று மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டுப் போகும். குடலின் பின்பகுதியால் அந்தக் காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும் இயல்பு அதற்கு உண்டு. எப்போதாவது செய்தால் இயல்பு. கூட்டமே மாற்றி மாற்றி மேலும் கீழும் ஓடிக்கொண்டிருந்தால் நீரில் ஆக்சிஜன் குறைந்திருக்கிறது, அல்லது நைட்ரைட் இருக்கிறது. இதை விளையாட்டென்று நினைத்து ரசித்துக்கொண்டிருந்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

காலையில்தான் செத்துக் கிடக்கின்றன என்பதும் ஒரு துப்பு. செடிகள் இருட்டில் ஆக்சிஜனைத் தராமல் உறிஞ்சும், எனவே விடியற்காலையில்தான் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும். வெயில் காலத்தில் இன்னும் மோசம். 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கக்கூடிய நீர், 30 டிகிரியில் ஏழரையைத்தான் பிடிக்கும். சத்தம் என்று இரவில் ஏர் பம்ப்பை அணைப்பது கெளுத்தித் தொட்டியில் வேண்டவே வேண்டாம். பாண்டா கோரியும் பெப்பர் கோரியும் குளிர்ச்சியை விரும்புபவை, 24, 25 டிகிரிக்கு மேல் நெடுநாள் தாங்குவது சிரமம். வெப்பம் கூடிய தொட்டிக்கு ஸ்டெர்பாய் கோரிதான் பொருத்தம், வெப்பமான நீர் வேண்டிய டிஸ்கஸ் மீனை வளர்ப்பவர்கள் அதைத் தேடி வாங்குவது இதனால்தான். மீன்தொட்டி இருக்கும் அறையில் கொசு மருந்து அடிப்பதையும் நிறுத்திவிடுங்கள். அவற்றிலுள்ள பைரெத்ராய்டு வகைகள் மீன்களுக்குக் கடும் நஞ்சு, ஏர் பம்ப் அந்தக் காற்றை இழுத்துத் தண்ணீருக்குள் அனுப்பிவிடும்.

அடிமணலைப் பற்றிச் சுருக்கமாக. மேலே நீந்தும் மீனுக்குத் தெரியாத அழுக்கு கெளுத்திக்குத் தெரியும், அது வாயை வைத்திருப்பதே அங்கேதான். மணல் மெல்லியதாக, ஆழம் குறைவாக இருந்தால் போதும். கிளறும்போது கறுத்த திட்டும் அழுகிய முட்டை நாற்றமும் வந்தால் ஹைட்ரஜன் சல்பைடு உண்டாகியிருக்கிறது. மீன்களை விட்ட பிறகு முழுவதையும் ஒரே நாளில் கிளறாமல், பகுதி பகுதியாக உறிஞ்சி எடுங்கள்.

குழாய்த் தண்ணீரில் குளோரினுக்குப் பதில், குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோரமைன் இருக்கலாம். ஒரு நாள் வாளியில் வைத்தால் குளோரின் போய்விடும், குளோரமைன் அவ்வளவு எளிதில் போகாது. குளோரினை நீக்கும் வெறும் தயோசல்பேட் சேர்த்தால் குளோரின் அடங்கும், ஆனால் அம்மோனியா மிஞ்சும். அம்மோனியாவையும் கட்டிப்போடும் மருந்தாகப் பார்த்து வாங்குவதே பாதுகாப்பு.

சாவு தொடங்கியதும் கைக்குக் கிடைத்த மருந்தையெல்லாம் ஊற்றுவதுதான் பலரும் செய்வது. தாமிரம், மலகைட் பச்சை, ஃபார்மலின் கலந்த மருந்துகளைக் கெளுத்திகள் மற்ற மீன்களைப்போல் தாங்குவதில்லை. வெண்புள்ளி கண்ணால் தெரிந்தால் அதற்கு மருந்து, அதுவும் பாதி அளவில் தொடங்கி. முதுகில் சேணம்போல் சாம்பல் வெளிறல் படர்ந்து, வெப்பமான நீரில் ஒரே நாளில் மீன் போய்விட்டால் அது காலம்னாரிஸ் என்னும் பாக்டீரியா நோயாக இருக்கலாம், அப்போது வெப்பத்தைக் கூட்டக் கூடாது. ஒன்றும் தெரியாத சாவுக்கு மருந்து தேவையில்லை. சோதனைக் குப்பிகள்தான் தேவை.

இப்போது எந்தக் கெளுத்தி வந்தாலும் தனித் தொட்டியில் நான்கு வாரம் வைக்கிறேன். பெரிய ஏற்பாடு எதுவும் இல்லை: முக்கியத் தொட்டியில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் கூடுதல் ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்று, ஒரு கைப்பிடி மணல், ஒளிந்துகொள்ள இரண்டு குழாய்த் துண்டுகள், மங்கிய வெளிச்சம். முதல் நாள் இரை போடுவதில்லை. ஓட்டோவுக்கு மட்டும் முதல் நாளே பாசிக் கல் வைத்துவிடுவேன். அடுத்த நாளிலிருந்து சிறிது சிறிதாக, விளக்கணைந்த பிறகு. கடைசி வாரத்தில் ஒவ்வொரு முறை நீர் மாற்றும்போதும் புதுத் தண்ணீருக்குப் பதில் முக்கியத் தொட்டியின் தண்ணீரையே ஊற்றுகிறேன். மாற்றும் நாள் வரும்போது இரண்டிலும் பிஹெச்சும் டிடிஎஸ்சும் ஒன்றாகிவிட்டிருக்கும், ஒரு டப்பாவில் மொண்டு அப்படியே விட்டுவிடலாம்.